காணாமல் போன அரைக்கால்!

ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தை நீங்கள் புரட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு வருஷத்துக் கணக்கு. அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் எதுவோ குறைகிறது.

கூர்ந்து பார்க்கிறீர்கள். விலைகளில் நாலணா இருக்கிறது. எட்டணா இருக்கிறது. பன்னிரண்டணா இருக்கிறது. ஆனால், இரண்டணா எங்கேயும் இல்லை! ஆறணாவும் இல்லை. பத்தணாவும் பதினாலணாவும் கூட இல்லை.

ஒரு கடையில் இப்படி இருந்தால், "கடைக்காரரிடம் சில்லறை இல்லை போலிருக்கிறது" என்று விட்டு விடலாம். தெருவில் உள்ள எல்லாக் கடைகளிலும் இப்படியே இருந்தால்?

அமெரிக்காவில் நடந்தது இதுதான். அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேராசிரியர்கள். அவர்கள் யாரையும் பின்தொடரவில்லை. யாரையும் மடக்கிக் கேள்வி கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் முடிவில், பெரிய பெரிய பங்கு வியாபாரக் கம்பெனிகள் 100 கோடி டாலருக்கு மேல் எடுத்து வைக்க நேர்ந்தது!

எட்டாக வெட்டிய காசு

நம் நாட்டில் அணாக் கணக்கு 1957-ல் மாறியது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா. ரூபாயில் கால் பங்கு, நாலணா. அந்தக் காலில் பாதி, அரைக்கால். அதாவது இரண்டணா.

அமெரிக்காவில் டாலருக்கு 100 சென்ட். ஆனால், பங்கு விலையை மட்டும் சென்டில் சொல்ல மாட்டார்கள். டாலரை எட்டாகப் பங்கிட்டுச் சொல்வார்கள். இருபது டாலர் அரைக்கால், இருபதே கால், இருபது காலே அரைக்கால், இருபதரை என்று விலை ஏறும். ஓர் அரைக்கால் டாலர் என்பது பன்னிரண்டரை சென்ட்.

இந்தப் பழக்கம் ஸ்பெயின் தேசத்து வெள்ளிக் காசிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். முற்காலத்தில் அந்தக் காசை எட்டுத் துண்டாக வெட்டிச் சில்லறையாகப் புழங்கினார்களாம். காசு மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கணக்கு மறையவில்லை! (நாமும் அணா போன பிறகு வெகு காலம் இருபத்தைந்து காசை "நாலணா" என்றுதானே சொல்லிக் கொண்டிருந்தோம்?)

இரண்டு விலை

நாஸ்டாக் என்பது 1971-ல் ஆரம்பமான அமெரிக்கப் பங்கு மார்க்கெட். அங்கே ஒரு கூடத்தில் கூடி நின்று கூச்சல் போட்டு வியாபாரம் செய்வது கிடையாது. வியாபாரிகள் அவரவர் ஆபீசில் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் பங்குகளுக்கு இரண்டு விலையைக் கம்ப்யூட்டர் திரையில் போடுவார்கள். "இந்த விலைக்கு வாங்குகிறேன்" என்பது ஒன்று. "இந்த விலைக்கு விற்கிறேன்" என்பது மற்றொன்று.

பழைய பித்தளைக் குடத்தைக் கடையில் போட்டால் ஒரு விலை கொடுப்பார்கள். அதே குடத்தை மறுநாள் போய்க் கேட்டால் வேறு விலை சொல்வார்கள். இடையில் உள்ள வித்தியாசம்தான் கடைக்காரரின் பிழைப்பு. அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால், ஒரே சாமானுக்குப் பல கடைகள் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் 20 டாலருக்கு வாங்கி, இருபதே காலுக்கு விற்கிறார். பக்கத்துக் கடைக்காரர், "நான் அரைக்கால் குறைத்துத் தருகிறேன், இங்கே வாருங்கள்" என்பார். போட்டி வரும். வித்தியாசம் சுருங்கும். ஜனங்களுக்கு லாபம். நாஸ்டாக் மார்க்கெட்டை அமைத்ததே இந்தப் போட்டியை நம்பித்தான்.

ஆயிரம் பங்கு கைமாறுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வித்தியாசம் கால் டாலர் என்றால் வியாபாரிக்கு 250 டாலர் கிடைக்கும். அரைக்கால் டாலர் என்றால் 125 டாலர்தான். மிச்சம் 125 டாலர் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? பங்கு வாங்கியவருக்கும் விற்றவருக்கும்! அவர்களில் பணக்காரர்களும் உண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டவர்களும் உண்டு. தொழிலாளிகளின் பென்ஷன் பணமும் உண்டு. ஒருவர் கையிலிருந்து போவது சொற்பத் தொகை. அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால், அங்கே ஒரு நாளில் கைமாறும் பங்குகள் கோடிக்கணக்கில் இருந்தன.

100 கம்பெனிகள்

வில்லியம் கிறிஸ்டி என்பவர் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பால் ஷூல்ஸ் என்பவர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இருவரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார்கள்.

நாஸ்டாக்கில் மும்முரமாக வியாபாரம் ஆகும் 100 கம்பெனிகளின் பங்குகளை எடுத்துக் கொண்டார்கள். 1991-ம் வருஷத்தில் அந்தப் பங்குகளுக்கு வியாபாரிகள் போட்ட விலைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எந்தப் பின்னம் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணினார்கள். அவ்வளவுதான்! பள்ளிக்கூடத்துப் பையன் செய்யக் கூடிய காரியம். என்ன, பையன் எண்ணி முடிப்பதற்குள் தாத்தா ஆகி விடுவான்.

விடை வந்தது. 100 பங்குகளில் 70 பங்குகளுக்கு அரைக்கால் விலை அநேகமாக வரவே இல்லை! முழு டாலர் வந்தது. கால், அரை, முக்கால் வந்தன. அரைக்கால், காலே அரைக்கால், அரையே அரைக்கால், முக்காலே அரைக்கால் ஆகிய நான்கும் மாயமாய் மறைந்திருந்தன. அந்த எழுபதில் ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கும் ஒன்று.

அரைக்கால் இல்லை என்றால் என்ன அர்த்தம்? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் கால் டாலருக்குக் குறையவே குறையாது என்று அர்த்தம்.

அவசரப்படாதீர்கள்!

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "பிடித்து விட்டோம்!" என்று பேராசிரியர்கள் கூத்தாடவில்லை. தங்கள் கணக்கைத் தாங்களே சந்தேகப்பட்டார்கள்.

மனிதர்களுக்கு முழு எண்களில் ஓர் ஆசை உண்டு. வாழைத்தார் விற்பவர் 300 ரூபாய் என்பார். 297 ரூபாய் என்று சொல்ல மாட்டார். பங்கு வியாபாரியும் மனிதர்தானே? பேரம் பேசுகிற சிரமத்தைக் குறைக்க முழுசாகவும் அரையாகவும் விலை சொல்லியிருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி செய்தார்கள். நியூயார்க் பங்கு மார்க்கெட்டிலும், அமெரிக்கன் பங்கு மார்க்கெட்டிலும் இருந்து வேறு 100 பங்குகளை எடுத்தார்கள். விலையிலும் கம்பெனியின் அளவிலும் நாஸ்டாக் பங்குகளை ஒத்தவையாகப் பார்த்து எடுத்தார்கள். அங்கேயும் வியாபாரம் செய்கிறவர்கள் மனிதர்களே. அங்கே எட்டுப் பின்னங்களும் புழங்கின!

ஒரு விலை குறைவாக வருவது வேறு. அடியோடு வராமலே இருப்பது வேறு. வியாபாரத்தின் அளவு, விலையின் ஏற்ற இறக்கம் என்று வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில், வியாபாரிகள் வாய் திறவாமலே ஒருவரோடு ஒருவர் ஒத்துப் போகிறார்களோ என்ற கேள்வியை எழுப்பி, கட்டுரையை முடித்தார்கள். "குற்றவாளி" என்று யாரையும் சொல்லவில்லை.

ஒரே நாளில்!

இந்தச் செய்தி 1994 மே 26, 27 தேதிகளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பேராசிரியர்களின் கட்டுரை அச்சில் வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு வேடிக்கை நடந்தது.

மே 27, வெள்ளிக்கிழமை. மைக்ரோசாப்ட், சிஸ்கோ, ஆம்ஜென் ஆகிய மூன்று கம்பெனிப் பங்குகளில் அரைக்கால் விலை திடீரென்று தலை காட்டியது! வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமையும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை மார்க்கெட் திறந்ததும் ஆப்பிள் பங்கிலும் அதே கதை.

ஓர் இரவில் என்ன மாறிவிட்டது? வியாபாரிகளின் ஆபீஸ் வாடகை குறைந்ததா? டெலிபோன் கட்டணம் குறைந்ததா? ஒன்றும் இல்லை. பத்திரிகையில் செய்தி வந்தது, அவ்வளவுதான்.

பேராசிரியர்கள் விடவில்லை. ஜெப்ரி ஹாரிஸ் என்பவரையும் சேர்த்துக் கொண்டு இந்த மாற்றத்தையும் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு வியாபாரியும் எப்போது மாறினார் என்று தனித்தனியே பார்த்தார்கள். அநேகமாக எல்லோரும் சேர்ந்தாற்போல் மாறியிருந்தார்கள்! பல வருஷமாக ஒருவருக்கும் தோன்றாத அரைக்கால், எல்லோருக்கும் ஒரே வேளையில் தோன்றிவிட்டது.

என்னைக் கேட்டால், முதல் கணக்கை விட இந்த இரண்டாவது கணக்குத்தான் பலமானது என்பேன். இல்லாத அரைக்காலுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். திரும்பி வந்த அரைக்காலுக்குக் காரணம் சொல்வது கஷ்டம்.

எதிர்ப்பு

வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. "பேராசிரியர்களுக்கு வியாபாரம் தெரியாது" என்றார்கள். அவர்களுக்குப் பக்கபலமாகப் பெரிய நிபுணர்களும் வந்தார்கள். நோபல் பரிசு பெற்ற மெர்ட்டன் மில்லரும் மற்றும் நால்வரும் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். போட்டி நன்றாக நடக்கும் வேறு மார்க்கெட்டுகளிலும் சில எண்கள் கூடுதலாகவும் சில எண்கள் குறைவாகவும் வருவது உண்டு. இதை வைத்துக் கூட்டுச் சதி என்று சொல்லிவிட முடியாது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. எண்ணிக்கை ஒருவரைச் சுட்டிக் காட்டும். அவர் மனதில் என்ன இருந்தது என்பதை எண்ணிக்கை சொல்லாது.

டெலிபோன் பேச்சு

மனதில் இருந்ததைச் சொன்னது டெலிபோன்!

பங்கு வியாபாரக் கம்பெனிகளில் டெலிபோன் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து வைக்கும் வழக்கம் உண்டு. "நான் சொன்னது 1,000 பங்கு, நீ கேட்டது 10,000 பங்கு" என்று தகராறு வந்தால் போட்டுக் கேட்பதற்காக. அமெரிக்க நீதி இலாகா விசாரணையில் இறங்கியபோது இந்த நாடாக்கள் கிடைத்தன. அதிகாரிகள் ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சை உட்கார்ந்து கேட்டார்கள்.

யாராவது ஒரு வியாபாரி அரைக்கால் விலை போட்டு வித்தியாசத்தைக் குறைத்தால், மற்றவர்கள் அவரை டெலிபோனில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள் என்று நீதி இலாகா குற்றம் சாட்டியது. வழிக்கு வராதவரோடு வியாபாரம் செய்ய மறுத்ததும் உண்டு. ஊர்க்கட்டுப்பாடு மாதிரி!

1996 ஜூலையில் 24 கம்பெனிகள் மீது நீதி இலாகா கோர்ட்டுக்குப் போனது. உடனே சமரசமும் ஏற்பட்டது. குற்றத்தைக் கம்பெனிகள் ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால், இனிமேல் தங்கள் வியாபாரிகளின் டெலிபோன் பேச்சில் மூன்றரை சதவீதத்தை, எந்த நேரம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஒட்டுக் கேட்டுச் சரிபார்ப்பதாக ஒப்புக் கொண்டார்கள்.

அடுத்த மாதம், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமெரிக்க சர்க்கார் கமிஷன், நாஸ்டாக்கை நடத்தி வந்த வியாபாரிகள் சங்கத்தையே கண்டித்தது. வேலியாக இருக்க வேண்டிய சங்கம் தன் ஆட்களைக் கண்காணிக்கத் தவறிவிட்டது என்றது. கண்காணிப்புக்காக ஐந்து வருஷத்தில் 10 கோடி டாலர் செலவழிக்கச் சங்கம் சம்மதித்தது.

பங்கு வாங்கி விற்ற ஜனங்கள் போட்ட வழக்கு தனி. அதில் 37 கம்பெனிகள் சேர்ந்து சுமார் 103 கோடி டாலர் கொடுக்க இசைந்தன. 1998-ல் கோர்ட்டு அதை ஏற்றுக் கொண்டது.

அரைக்காலும் வெகுநாள் நீடிக்கவில்லை. 1997-ல் அதையும் பாதியாக்கி, வீசக் கணக்கில் விலை சொல்ல ஆரம்பித்தார்கள். 2001-ல் எல்லாம் சென்டுக்கு வந்துவிட்டது.

உள் ரகசியம்

வியாபாரிகளின் கூட்டு ஒரு வகை. பங்கு மார்க்கெட்டில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு குற்றம் உண்டு. கம்பெனிக்குள் நடக்கும் ரகசியத்தை முன்கூட்டி அறிந்து, ஊருக்குத் தெரியும் முன்பே பங்கு வாங்குவது அல்லது விற்பது. இந்தியாவில் இதைத் தடுக்க "செபி" 1992-ல் விதிகள் செய்தது. 2015-ல் அவற்றைப் புதிதாக எழுதியது.

இதற்கும் எண்ணிக்கைதான் முதல் துப்பு. ஒரு கம்பெனியைப் பற்றி நல்ல செய்தி வந்து பங்கு விலை எகிறுகிறது. அதற்கு முந்திய நாட்களில் யார் யார் அந்தப் பங்கை வாங்கினார்கள்? பட்டியல் எடுக்கிறார்கள். அதில் ஒருவர் இதற்கு முன் அந்தக் கம்பெனிப் பங்கைத் தொட்டதே இல்லை. இப்போது மட்டும் கையில் இருந்ததை எல்லாம் போட்டிருக்கிறார். ஏன்?

ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டமாக இருக்கலாம். பல செய்திகளின் பட்டியல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால்? அமெரிக்கக் கமிஷன் 2010-ல் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு பங்கைப் பிடித்துக் கொண்டு அதை வாங்கியவர் யார் என்று தேடுவார்கள். இந்தப் பிரிவு ஆட்களைப் பிடித்துக் கொண்டு, அவர்கள் எந்த எந்தப் பங்கில் ஒன்றுசேர்கிறார்கள் என்று தேடுகிறது.

தேதியில் வந்த அதிர்ஷ்டம்

ஆளையும் பார்க்காமல், விலையையும் நம்பாமல், தேதியை மட்டும் பிடித்துக் கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் லீ.

அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் பெரிய அதிகாரிகளுக்குச் சம்பளத்தோடு ஓர் உரிமையும் கொடுப்பது உண்டு. "இன்றைய விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை உனக்கு. எப்போது வேண்டுமானாலும் பிறகு வாங்கிக் கொள்" என்பார்கள். உரிமை கொடுத்த தேதியில் விலை எவ்வளவு குறைவோ, அதிகாரிக்கு அவ்வளவு லாபம்.

ஆயிரக்கணக்கான அதிகாரிகளின் தேதிகளை எரிக் லீ எடுத்துப் பார்த்தார். அதிசயம்! தேதிக்கு முன்பு பங்கு விலை இறங்குகிறது. தேதிக்குப் பின்பு ஏறுகிறது. பள்ளத்தின் அடியில் போய்ச் சரியாகத் தேதி உட்கார்ந்திருக்கிறது.

"கம்பெனி ரகசியம் தெரிந்த அதிகாரி, நல்ல செய்தி வருவதற்கு முன்னால் உரிமையை வாங்கிக் கொண்டார்" என்று சிலர் விளக்கம் சொல்லி வந்தார்கள். எரிக் லீ இன்னொன்றையும் கவனித்தார். அந்தத் தேதிகளுக்கு முன் அந்தக் கம்பெனி விலை மட்டுமா இறங்கியிருக்கிறது? மார்க்கெட் முழுவதுமே இறங்கியிருக்கிறது! பிறகு மார்க்கெட் முழுவதும் ஏறியிருக்கிறது. தம் கம்பெனி ரகசியம் ஒருவருக்குத் தெரியலாம். ஊர் மார்க்கெட் முழுவதும் நாளைக்கு ஏறும் என்பது எந்த அதிகாரிக்குத் தெரியும்?

அப்படியானால் ஒரே வழிதான். விலை ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, குறைந்த விலை இருந்த நாளைத் தேடிப் பிடித்து, அந்தப் பழைய தேதியைப் போட்டிருக்க வேண்டும்! 2005-ல் எரிக் லீ இதை வெளியிட்டார். மறு வருஷம் பத்திரிகைகள் கிளறின. நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மீது விசாரணை நடந்தது. யுனைட்டெட் ஹெல்த் கம்பெனியின் முன்னாள் தலைவர் 2007-ல், குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலே, 46 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து கொண்டார்.

எரிக் லீ, ராண்டல் ஹெரான் என்ற பேராசிரியரோடு சேர்ந்து இன்னொரு கணக்கும் போட்டார். 2002 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்காவில் ஒரு புது விதி வந்திருந்தது. உரிமை கொடுத்தால் இரண்டு வேலை நாளுக்குள் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு முன்பு பல மாதம் கழித்துத் தெரிவித்தாலும் போதும்.

விதிக்கு முன், விதிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கெடுவுக்குள் உடனே தெரிவித்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அநேகமாக மறைந்து போயிருந்தது. கெடு தாண்டித் தாமதமாகத் தெரிவித்தவர்களுக்கு மட்டும், எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாளுக்கு, பழைய அதிர்ஷ்டம் தொடர்ந்து கொண்டிருந்தது!